ஒத்தைக் கலர் நோட்டீஸ்

வடக்கு வாகைக்குளத்துப் பேண்டு செட்டில் மொத்தம் ஐந்து பேர். ஊதத் தெரிந்தவர் ஒருவர், அடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மற்ற இரண்டு பேருக்கும் சீருடை அளவாக இருந்தது, அதனால் சேர்த்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் சவரியப்பன் டிரம்பெட் ஊதுவார். சுடலைக்குப் பெரிய டிரம்மு, இசக்கிக்குச் சின்ன டிரம்மு. தொம்மை தோளில் ஒரு பெரிய பித்தளைக் குழல் கிடக்கும். அதிலிருந்து சத்தம் வந்தால் அவனே திடுக்கிடுவான். ஜால்ரா போடும் ஆவுடையப்பன்தான் செட்டுக்கு மூளை. பத்தாம் வகுப்பை மற்றவர்கள் ஒரு வருஷம் படித்தால் அவன் நாலு வருஷம் படித்தவன். அவ்வளவு ஆழமாகப் படித்தவன் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் இவர்களை மிஞ்ச ஆளே கிடையாது. கெட்டதும் அதனால்தான். தை மாதம் ஒரு கல்யாணத்தில், "மாப்பிள்ளையை விட்டு ஒரு அடி விலகாம வாசிச்சுக்கிட்டே போங்க" என்று பெண்ணின் தகப்பனார் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சாயங்காலம் கொல்லைப்பக்கம் ஒதுங்கியபோதும் ஐந்து பேரும் ஒரு அடி விலகவில்லை. மாப்பிள்ளைக்கு அப்புறம் இரண்டு நாளைக்கு ஒன்றும் வரவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நாலு மாதமாகப் பேண்டு செட்டுக்கும் ஒன்றும் வரவில்லை.

சவரியப்பனின் மனைவி ஞானப்பூ பீடி சுற்றி வீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு புதன்கிழமை காலையில் பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வார திங்கக்கிழமைக்குள்ள ஒரு வீட்டுக்காரனாவது உங்களை வாசிக்கக் கூப்பிட்டு அட்வான்ஸ் குடுக்கணும். இல்லைன்னா அஞ்சு பேரும் எங்க அண்ணன் செங்கல் சூளைக்குப் போறீங்க. லாரிக்குச் சொல்லிட்டேன். அந்த டிரம்மைக் கவுத்திப் போட்டு நான் கோழி அடைச்சுக்கிடுவேன்."

சவரியப்பன் சூளையில் கல் சுமப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வார். டிரம்முக்குள் கோழி என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஐந்து பேரும் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு எட்டு மைல் தள்ளியிருந்த கீழப்பாறைக்கு ஓடினார்கள். அங்கே மளிகைக்கடை தவசிக்கனி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அவர் இவர்களை அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்க விருப்பமும் இல்லை. ஊரையும் தெருவையும் மட்டும் கேட்டுக்கொண்டு, எடைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"மாப்பிள்ளை வீட்டுல நோட்டீசைப் பாத்துத்தான் செட்டை முடிவு பண்ணுவாங்க. போட்டோ போட்டு ஒரு நோட்டீசு அடிச்சுக் கடையில போட்டுட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. போன தடவை ஒரு செட்டுக்காரன் வந்தான், நோட்டீசுல பன்னெண்டு பேரு, நேர்ல நாலு பேரு. அந்த ஏமாத்து வேலை எங்கிட்ட ஆவாது. நோட்டீசுல எப்படி இருக்கீங்களோ, நேர்ல அப்படியே வந்து நிக்கணும்."

"அப்படியே நிப்போம் அண்ணாச்சி" என்றார் சவரியப்பன். தவசிக்கனிக்கு அந்த வாக்கின் கனம் அப்போது தெரியவில்லை.

அடுத்த தெருவில் கோமதிநாயகம் என்பவர் அச்சகம் வைத்திருந்தார். பொறுமைசாலி. முப்பது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடித்து, சித்தப்பா பெயர் விட்டுப்போன சண்டைகளை எல்லாம் பார்த்தவர். அவரிடம் சவரியப்பன் தன் ஆசையைச் சொன்னார்.

"நோட்டீசு எங்க டிரம்மு மாதிரி வட்டமா இருக்கணும் அண்ணாச்சி. எங்க சட்டை சிவப்பு, கால்சட்டை நீலம், தொப்பியில பச்சைக் குஞ்சம், பொத்தானும் குழலும் தங்கக் கலரு. எல்லாம் ஜொலிக்கணும். ஓரம் வரைக்கும் ஊதா. பின்பக்கம் எங்க முதுகு."

"முதுகு எதுக்குவே?"

"பின்பக்கம்னா முதுகுதான அண்ணாச்சி."

கோமதிநாயகம் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். ஆயிரம் நோட்டீசுக்கு ஏழாயிரம் ரூபாய். ஐந்து பேர் பையையும் உதறியதில் தேறியது தொள்ளாயிரம்.

"இங்க பாரும். ஒவ்வொரு கலருக்கும் தனித் தகடு செய்யணும், தனியா ஒரு தடவை மிசின்ல ஓட்டணும். தங்கக் கலருக்கு மையே வேற. வட்டமா வெட்டணும்னா அதுக்குன்னு ஒரு கத்தி செய்யணும், மூலைத் தாளெல்லாம் குப்பைக்குப் போவும். ஓரம் வரைக்கும் கலர் வேணும்னா பெரிய தாள்ல அடிச்சு நறுக்கணும். பின்பக்கம் அடிச்சா இன்னொரு ஓட்டு. இதெல்லாம் சேர்ந்துதான் ஏழாயிரம்."

"குறைக்க வழி இல்லியா அண்ணாச்சி?"

"இருக்கு. எல்லாத்தையும் மாத்துங்க. கறுப்பு ஒரே கலர். அதையே லேசா விட்டா சாம்பல் நிறம் வரும், அதுக்குத் தனியாக் காசு கிடையாது. வட்டம் வேண்டாம், சதுரம் போதும். சுத்தி வெள்ளையா ஓரம் விடுங்க. ஒரு பக்கம் போதும். இப்படி மாத்திட்டு வந்தீங்கன்னா முதல் ஆயிரம் எண்ணூத்தி அம்பதுல முடியும். ரெண்டாவது ஆயிரம் வேணும்னா முந்நூறுதான். தகடு ஏற்கெனவே இருக்கும், தாளும் மையும்தான் செலவு."

ஆவுடையப்பன் ஜால்ராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோசித்தான்.

"அப்ப முதல் ஆயிரம் வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டாவது ஆயிரத்தை மட்டும் அடிச்சுக் குடுங்க."

"முதல் ஆயிரம் அடிக்காம ரெண்டாவது எப்படிவே வரும்?"

"முதல் ஆயிரத்தை வேற யாருக்காவது குடுத்துருங்க."

கோமதிநாயகம் அரை மணி நேரம் விளக்கினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் விளக்கினார். கடைசியில், மாற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் ஆலோசனை தொடங்கியது.

"மாத்திட்டு வரச் சொல்லுதாரு. எதை மாத்த?" என்றான் தொம்மை.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றான் ஆவுடையப்பன். "நோட்டீசு கறுப்பாத்தான் வரும். தவசிக்கனி அண்ணாச்சி என்ன சொன்னாரு? நோட்டீசுல இருக்கிற மாதிரியே நேர்ல நிக்கணும்னாரு. நாம சிவப்புச் சட்டையோட போய் நின்னா அது என்ன?"

"ஏமாத்து" என்றான் இசக்கி, மெதுவாக.

"அப்ப மாத்த வேண்டியது யாரை?"

"நம்மளை!" என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சவரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளை நம் செட்டில் இருக்கிறதே என்ற பெருமைதான்.

கீழப்பாறையிலேயே தொம்மையின் அக்காள் வீடு இருந்தது. ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கி, மேல்செலவுக்கு மச்சானிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு மாறத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை அக்காள் வயலுக்குப் போன நேரம், அவள் நெல் அவிக்கிற அண்டாவில் கறுப்புச் சாயத்தைக் கரைத்து ஐந்து சீருடைகளையும் வேகவைத்தார்கள். அந்த வீட்டில் அடுத்த பத்து நாளைக்குச் சோறு கறுப்பாக இருந்தது. மச்சான் மட்டும், ஏதோ புது ரக அரிசி போல என்று நினைத்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

குழலுக்கும் டிரம்பெட்டுக்கும் பொத்தானுக்கும் பூட்ஸ் பாலிஷ் போட்டார்கள். முகம்தான் பாக்கி.

"முகத்துக்கும் கறுப்பா?" என்று கேட்டான் சுடலை.

"முகத்துக்குச் சாம்பல் நிறம் இருக்குல்லா. அதுக்குத்தான் காசு இல்லன்னாரே" என்றார் சவரியப்பன். அடுப்பில் சாம்பலுக்கா பஞ்சம்? அள்ளிப் பூசிக்கொண்டார்கள். காசில்லாமல் கிடைப்பதை யாராவது குறைவாகப் பூசுவார்களா? காது மடல் வரைக்கும் பூசினார்கள்.

பெரிய டிரம்மு விஷயத்தில்தான் சுடலை முரண்டு பிடித்தான். அது அவன் அப்பா வாங்கியது. சதுரமாக்கினால் சத்தம் என்னாகும் என்று கேட்டான்.

"நோட்டீசுல சத்தம் கேக்குமா?" என்றான் ஆவுடையப்பன்.

"கேக்காது."

"பெறகென்ன?"

சுடலை டிரம்மை ஆசாரியிடம் கொடுத்தான். ஆசாரி நாலு சட்டத்தை அடித்துத் தோலை இழுத்துக் கட்டிச் சதுரமாக்கிக் கொடுத்தார். அதுவரை 'டொம்' என்று அதிர்ந்த டிரம்மு, அதன் பிறகு தலையணையைத் தரையில் போட்டது போல 'பொத்' என்றது. சுடலை ஓரமாக உட்கார்ந்து அழுதான். கண்ணீர் வழிந்த இடத்தில் சாம்பல் கலைந்ததும் இன்னும் கொஞ்சம் பூசிவிட்டார்கள்.

வெள்ளை ஓரத்துக்கு இசக்கி ஒரு டப்பா சுண்ணாம்பும் அதை அடிக்கிற மட்டையும் வாங்கினான். மற்ற நாலு பேரும் எங்கே நின்றாலும் ஓடி ஓடி அவர்களைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டுவிட்டு, கடைசியில் தானும் உள்ளே குதித்துக்கொள்வான். பின்பக்கம் அச்சடிக்கவில்லை என்பதால் யாருக்கும் முதுகு காட்டக் கூடாது என்றும் முடிவாயிற்று. அன்று முதல் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் பின்னால் நடந்தே வெளியேறினார்கள். அக்காள் வீட்டு நிலைப்படியில் தொம்மையின் குழல் மூன்று தடவை சிக்கியது.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்து நின்றார்கள். கோமதிநாயகம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னவே இது கோலம்? நான் நோட்டீசைத்தானய்யா மாத்தச் சொன்னேன்!"

"மாத்திட்டோம் அண்ணாச்சி. இனி நீங்க அப்படியே அடிச்சாப் போதும்."

கோமதிநாயகத்துக்கு இரண்டாவது ஆயிரத்தை விளக்கிய அரை மணி நேரம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். படங்களை வாங்கி மேசை மேல் வைத்துக்கொண்டார்.

அடுத்து எழுத்து. சவரியப்பன் எழுதிவந்தது இப்படி: 'வடக்கு வாகைக்குளம், தெற்குத் தெரு, சவரியப்பன் பேண்டு செட். உங்கள் இல்லத் திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா அனைத்துக்கும் இன்னிசை வழங்கக் காத்திருக்கும் இவர்களை மறக்காதீர்கள்!' கீழே ஐந்து பேர் பெயரும் ஊரும்.

"அஞ்சு படம் போட்ட பெறகு இவ்வளவு எழுத்துக்கு இடம் இல்ல" என்றார் கோமதிநாயகம். "எழுத்தைக் குறைக்கணும். இல்லைன்னா பெரிய தாளுக்குப் போவணும், செலவு கூடும்."

எதைக் குறைப்பது? தன் பெயரை விட ஒருவனும் சம்மதிக்கவில்லை. தொம்மை தன் இனிஷியலைக்கூட விடமாட்டேன் என்றான்.

"முதல்ல இருந்து வெட்டிக்கிட்டே வாங்க அண்ணாச்சி" என்றார் சவரியப்பன். "இடம் கிடைச்சதும் நிறுத்திருங்க."

"தெருப் பேரும் செட்டுப் பேரும் போயிருமேவே."

"எங்க தெரு எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி."

வெட்டிக்கொண்டே வந்ததில் கடைசி இரண்டு சொல்தான் மிஞ்சியது. வெள்ளை ஓரம் எடுப்பாகத் தெரிய உள்ளே கனமாக ஒரு கறுப்புக் கட்டம் போட்டுத் தரட்டுமா, அதுக்குக் காசில்லை என்று கேட்டார் கோமதிநாயகம். காசில்லை என்றால் இரண்டாகப் போடச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலையில் நோட்டீஸ் கைக்கு வந்தது. கனத்த கறுப்புக் கட்டத்துக்குள் சாம்பல் பூத்த ஐந்து முகங்கள். படத்துக்கு அசையக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதால் மூச்சையும் பிடித்துக்கொண்டு விழித்த ஐந்து ஜோடிக் கண்கள். மேலே 'இவர்களை மறக்காதீர்கள்!' கீழே ஐந்து பெயர்கள், வடக்கு வாகைக்குளம்.

"பாத்தாலே நெஞ்சு என்னமோ பண்ணுதுல்லா" என்றான் தொம்மை.

"நல்ல நோட்டீசுன்னா அப்படித்தான் பண்ணும்" என்றார் சவரியப்பன்.

ஒரு கட்டைத் தவசிக்கனி இல்லாத நேரத்தில் அவர் கடையில் போட்டார்கள். இன்னொரு கட்டை வாகைக்குளம் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர்களை மட்டும் கண்டக்டர் ஏற்றவில்லை; டிரம்மு மூலை ஆள் விலாவில் குத்தும் என்று இறக்கிவிட்டுவிட்டார். மீதியை இசக்கியிடம் கொடுத்து, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டச் சொன்னார் சவரியப்பன். இசக்கி பசை வாளியோடு கடைத்தெருவுக்குப் போனான். முதலில் ஒரு தபால்காரர் கண் மேலேயே ஒட்டினான். அவர் சைக்கிளோடு சாக்கடைக்குள் போனார். அதன் பிறகு சுவர்களே மரியாதை என்று மற்றவர்கள் புத்தி சொல்லித் திருத்தினார்கள்.

பஸ்ஸில் போன கட்டு இவர்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர் பஸ் நிறுத்தத்திலேயே கட்டை அவிழ்த்தார். முதல் நோட்டீசைப் பார்த்த பெண்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு தெற்குத் தெருவைப் பார்த்து ஓடினாள்.

"ஏ ஞானப்பூ! மோசம் போயிட்டியே! ஒருத்தரு இல்லட்டீ, அஞ்சு பேரும்லா போயிட்டாவ!"

ஞானப்பூ நோட்டீசை வாங்கிப் பார்த்தாள். பீடித் தட்டு கையிலிருந்து விழுந்தது. சூளைக்கு அனுப்புகிறேன் என்று விரட்டிய வாயாலேயே அவள் அழுத அழுகை கல்லையும் கரைத்திருக்கும். "சும்மாதான சொன்னேன்... டிரம்முல கோழி அடைப்பனா நான்..." என்று ஊரெல்லாம் கேட்கக் கதறினாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தவசிக்கனியும் தன் கடையில் கிடந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். அரண்டுபோனார். நோட்டீசு அடிக்கப் போன ஐந்து பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களே, அதுவும் என் வீட்டு விசேஷத்துக்காக அலைந்தபோது என்று மனசு கேட்காமல், ஐந்து மாலைகளை வாங்கிக்கொண்டு வாகைக்குளத்துச் சாவு வீட்டில் துட்டி கேட்கக் கிளம்பினார். வழியில், பாலத்துப் பக்கம் ஐந்து பேர் நடந்து போவதைப் பார்த்துக் காரை நிறுத்தினார். கன்னங்கரேல் என்ற உடுப்பு, முகமெல்லாம் சாம்பல், சதுரத்தில் ஒரு டிரம்மு. கார் நின்றதும் ஒருவன் மட்டையோடு ஓடி மற்றவர்களைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டுவிட்டு உள்ளே குதித்தான். முகத்தை நின்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை; சாவு வீட்டுக்கென்றே தொழில் பழகின செட்டு போலிருக்கிறது என்று தவசிக்கனிக்குத் தோன்றியது.

"ஏய், துட்டி வீட்டுக்கு வாசிப்பீங்களா?"

"வாசிப்போம் அண்ணாச்சி!"

"வாகைக்குளம் தெற்குத் தெரு. ஒரே தெருவுல அஞ்சு சாவு. பாவம், அவங்களும் உங்க தொழில்தான். வாசிக்க ஆள் இல்லாமப் போவக் கூடாது. எடுக்கிற வரைக்கும் நிறுத்தாம வாசிக்கணும்." ஐந்நூறு ரூபாயைச் சவரியப்பன் கையில் திணித்துவிட்டு, தெரிந்த இரண்டு வீட்டுக்குச் சாவுத் தகவல் சொல்ல வேறு பாதையில் போனார்.

சவரியப்பன் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அட்வான்ஸ்! நோட்டீஸ் ஒட்டி ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் அட்வான்ஸ்!

"நம்ம தெருவுல அஞ்சு பேரா?" என்றான் தொம்மை. "யாருல அது?"

"நாம ஊருல இல்லாத நேரம் பாத்துப் போயிட்டாங்களே" என்று வருத்தப்பட்டான் சுடலை. "இருந்திருந்தா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

தெருமுனையிலேயே வாசிக்கத் தொடங்கினார்கள். தெரு நிறைய ஜனம். சவரியப்பன் வீட்டு வாசலில் பந்தல். ஐந்து நோட்டீசுகளுக்கு முன்னால் ஐந்து விளக்கு. இவர்கள் வெள்ளைக் கட்டத்துக்குள் நின்று உருக்கமாக ஊதினார்கள். அந்தக் கறுப்பிலும் சாம்பலிலும் இவர்களை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"மாஸ்டர்" என்றான் ஆவுடையப்பன், ஜால்ராவை நிறுத்தாமல். "செத்தவங்க படத்தைப் பாரும். நாமதான்."

சவரியப்பன் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமல் எட்டிப் பார்த்தார். ஆமாம்.

"அப்ப நாம போய்ப் படுக்கணுமாவே?" என்றான் தொம்மை.

"படுத்தா வாசிக்கது யாரு? அட்வான்ஸ் வாங்கியாச்சு" என்றான் இசக்கி.

"வாசிச்சா எடுக்கது யாரை? எடுக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னாரு" என்றான் சுடலை.

சிக்கலான கேள்வி. யோசித்ததில் சவரியப்பன் வழக்கமாகத் தப்பாக ஊதும் இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தப்பாக ஊதினார். உள்ளே அழுதுகொண்டிருந்த ஞானப்பூ சட்டென்று நிமிர்ந்தாள். இருபது வருஷமாகக் கேட்ட தப்பு. அதை அப்படி ஊத உலகத்தில் வேறு மனுஷன் கிடையாது.

ஓடிவந்து அவர் முகத்துச் சாம்பலை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "ஏங்க! நீங்க சாவலியா?"

சவரியப்பன் ஊதுவதை நிறுத்தவில்லை. இன்னும் எடுக்கவில்லையே. ஒரு கையால் ஊதிக்கொண்டே மறு கையால் ஐந்நூறு ரூபாயை எடுத்து அவளிடம் நீட்டினார். ஞானப்பூ அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அதே கையால் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தவசிக்கனி ஐந்து மாலைகளோடு வந்து சேர்ந்தார். துடைத்த முகத்தைப் பார்த்தார். நோட்டீசைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

இசக்கிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா அண்ணாச்சி! நோட்டீசுல எப்படியோ, நேர்ல அப்படியே நிக்கோம்!"

தவசிக்கனி மாலைகளோடு மயங்கி விழுந்தார். நாலு பேர் ஓடிவந்து அவரைக் கைகால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போனார்கள்.

"எடுத்தாச்சு!" என்றான் ஆவுடையப்பன். ஐந்து பேரும் வாசிப்பை நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. ஞானப்பூ அதைக் காலியாகத் திருப்பி அனுப்பினாள். ஒரு அட்வான்ஸ் என்று சொன்னாள், வந்துவிட்டது. அவளும் சொன்ன சொல் தவறாதவள்தான். ஆனால் கீழப்பாறைச் சுவர் முழுக்க இவர்கள் செத்துக் கிடக்கிறார்களே, அதை முதலில் சரிசெய்துவிட்டு வரச் சொல்லி அந்த ஐந்நூறிலிருந்து முந்நூறைத் திருப்பிக் கொடுத்தாள்.

சவரியப்பன் அச்சகத்துக்குப் போனார்.

"நாங்க சாவலைன்னு ஊருக்குத் தெரியணும் அண்ணாச்சி. ஒரு நோட்டீசு அடிக்கணும்."

கோமதிநாயகத்துக்கு இவர்கள் மேல் பாவமாக இருந்தது. "செய்வோம்வே. புதுசா எழுதி, நல்லாச் சிரிச்ச முகமா ஒரு படம் போட்டு..."

"அதெல்லாம் மாத்தக் கூடாது. மாத்தினா செலவு கூடும்னு நீங்கதான சொன்னீங்க? அதே படம், அதே எழுத்து, அதே கட்டம். முதல் ஆயிரம் அடிச்சாச்சு. இது ரெண்டாவது ஆயிரம். முந்நூறு."

"அதே நோட்டீசைப் பாத்தா மறுபடியும் செத்துட்டீங்கன்னுதானய்யா நினைப்பாங்க?"

சவரியப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு படிச்சிருக்கீங்க. செத்தவன் ரெண்டாவது தடவை சாவானா? இதைப் பாத்ததுமே, முதல் தடவை சாவலைன்னு எல்லாருக்கும் புரிஞ்சிரும்லா!"

சொல்லிவிட்டு, முதுகைக் காட்டாமல், பின்னாலேயே நடந்து படியிறங்கிப் போனார்.